பழைய சந்தையை இடிக்கப் போகிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல தலைமுறைகளாக நடந்துவரும் பொதுச்சந்தை ஒன்றை இடித்துவிட்டு, அந்த இடத்தில் வணிக வளாகமோ அடுக்குமாடிக் குடியிருப்போ கட்டப்போவதாக அறிவிப்பு வந்ததும், அங்கே கடை வைத்திருப்பவர்களும் அங்கேயே வாங்கிப் பழகியவர்களும் கேட்கும் கேள்விகள் எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை, இந்தச் சோதனையைக் கடந்துவந்த சந்தைகளிடமிருந்தும் கடக்க முடியாமல் அழிந்துபோன சந்தைகளிடமிருந்தும் திரட்டி இங்கே தந்திருக்கிறேன்.

நாம் காப்பாற்ற வேண்டியது கட்டடத்தையா, வியாபாரத்தையா?

இரண்டையும்தான். ஆனால் எதை முதலில் வைக்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் பேச்சுவார்த்தை என்று உட்கார்ந்தவுடன் எதிர்த்தரப்பு முதலில் விட்டுக்கொடுக்க முன்வருவது கட்டடத்தின் முகப்பைத்தான். "முகப்பை அப்படியே வைத்துக்கொள்கிறோம், உள்ளே மட்டும் புதிதாகக் கட்டுகிறோம்" என்ற வாக்குறுதியைக் கேட்டு மகிழ்ந்து கையெழுத்திட்ட பிறகு, புது வாடகையைக் கட்ட முடியாமல் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும்.

லண்டனின் கோவென்ட் கார்டன் இதற்குச் சரியான சான்று. 1970களின் தொடக்கத்தில் அந்தப் பகுதி முழுவதையும் இடித்து அகலச் சாலைகளும் பெரிய கட்டடங்களும் அமைக்கத் திட்டமிட்டார்கள். குடியிருப்போர் திரண்டு எதிர்த்தார்கள். 1973இல் இருநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட, திட்டம் கைவிடப்பட்டது. பெரிய வெற்றிதான் அது. ஆனால் காய்கனி, மலர் மொத்தச் சந்தை 1974இல் நைன் எல்ம்ஸ் என்ற இடத்துக்குப் போய்விட்டது. பழைய சந்தைக் கூடம் 1980இல் சிறு கடைகளும் உணவகங்களும் கொண்ட இடமாகத் திறக்கப்பட்டது. கட்டடம் பிழைத்தது; பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் அன்றாடச் சமையலுக்குக் காய்கறி வாங்க அங்கே யாரும் போவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்று மொரோக்கோவின் மராக்கேஷ் நகரத்தில் நடந்தது. அங்குள்ள ஜமா எல் ஃப்னா என்ற திறந்தவெளிச் சதுக்கத்தில் கதைசொல்லிகளும் வைத்தியர்களும் சிற்றுண்டி விற்பவர்களும் கூடுகிறார்கள். பாதுகாக்க அங்கே கட்டடம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. நவீனக் கட்டுமானங்களால் அந்த இடம் சிதைந்துவிடும் என்ற நிலை வந்தபோது, அந்தச் சதுக்கத்தில் மனிதர்கள் கூடிச் செய்வதையே பாதுகாக்கப்பட வேண்டிய மரபு என்று வாதிட்டார்கள். 2001இல் யுனெஸ்கோ அதை ஏற்று அறிவித்தது. கூரையே இல்லாத ஓரிடத்தின் பயன்பாட்டைப் பாரம்பரியம் என்று அங்கீகரிக்க முடியும் என்றால், கூரையுள்ள சந்தைக்கும் அதைக் கேட்கலாம்.

"கட்டடம் இடிந்துவிழும் நிலையில் இருக்கிறது" என்கிறார்களே. உயிரோடு விளையாடலாமா?

கூடாது. ஆபத்து உண்மையாக இருந்தால் அதை மூடிமறைக்கும் இயக்கம் ஒரு நாளும் நிலைக்காது. ஆனால் "ஆபத்து" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்தக் கூரைக்குக் கீழே நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சந்தைக் கூடங்கள் பலவற்றில் வார்ப்பிரும்புத் தூண்கள் உள்ளே பொள்ளலாக இருக்கும். கூரையில் விழும் மழைநீர் அந்தத் தூணுக்குள்ளேயே இறங்கி, அடியில் உள்ள வடிகாலுக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். கூரைக் கால்வாயில் சேரும் குப்பையை ஆண்டுதோறும் அள்ளிவந்தவரை அந்த அமைப்பு நூறு ஆண்டுகள் சிக்கலின்றி இயங்கியது. அள்ளுவதை நிறுத்தினால் தூணுக்குள் நீர் தேங்கும்; உள்பக்கம் துரு பிடித்து உப்பும்; ஒரு நாள் தூணின் நடுவே நெடுக்காக மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும். அதன் வழியே செம்பழுப்பு நிறத்தில் நீர் கசியும். அந்தக் கசிவைப் படம் பிடித்துத்தான் "கட்டடம் முடிந்துவிட்டது" என்ற அறிக்கையை இணைப்பார்கள். உண்மையில் முடிந்துபோனது கால்வாயைச் சுத்தம் செய்வதற்கான நிதி ஒதுக்கீடு. வார்ப்பிரும்பில் விழுந்த விரிசலை வெப்பமே இல்லாமல் உலோகத் தையல் முறையில் இணைக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. மழைநீரை வெளியே தனிக் குழாயில் இறக்கிவிடலாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் இணைப்புகளைச் சிமெண்டால் பூசி ஈரத்தை உள்ளே அடைத்துவைத்த பழைய தவறையும் திருத்தலாம்.

ஆகவே மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். கடந்த இருபது ஆண்டுகளில் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது? சோதனை எப்படி நடந்தது, கண்ணால் பார்த்து எழுதியதா, கருவிகள் கொண்டு அளந்ததா? பழுது நீக்குவதற்கான செலவு மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, இல்லை இடிப்பதற்கான மதிப்பீடு மட்டும்தானா? மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலும் விடை இருக்காது. அதன் பிறகு, பழங்கட்டடங்களில் அனுபவம் உள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் தனியாக அறிக்கை வாங்குங்கள். புதுக் கட்டுமானத்தில் மட்டும் பழகிய பொறியாளர் பழைய பொருள்களின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக்கூடும். அந்த அறிக்கை ஏதேனும் ஒரு பகுதியை ஆபத்தானது என்று சொன்னால், அந்தப் பகுதியை உடனே மூட நீங்களே முன்வர வேண்டும். முட்டுக்கொடுத்து ஒரு பகுதியை மூடுவதும் முழுச் சந்தையை இடிப்பதும் ஒன்றல்ல.

மாற்று இடம் தருகிறோம் என்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் என்ன?

இதில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இடமாற்றத்துக்கு ஆதரவாகக் காட்டப்படும் புகழ்பெற்ற முன்னுதாரணங்கள் ஏறத்தாழ எல்லாமே மொத்தச் சந்தைகள். பாரிஸின் லே ஆல் 1969இல் நகருக்கு வெளியே ரன்ஜிஸுக்குப் போனது. டோக்கியோவின் சுகிஜி 2018 அக்டோபரில் தோயோசுவுக்குப் போனது. லாரிகள் நகர நடுவில் திரும்ப முடியாத நிலையில் மொத்த வியாபாரம் வெளியே போவதற்கு உண்மையான காரணங்கள் இருக்கக்கூடும். சில்லறைச் சந்தைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அதன் முதலீடே நடந்து வருகிறவர்கள்தான். பேருந்து நிறுத்தம், பள்ளி, வழிபாட்டிடம், பக்கத்துத் தெருவில் உள்ள வீடு என்று பல காரணங்களுக்காக அந்த வழியே போகிறவர் போகிற போக்கில் வாங்குவதுதான் சில்லறை வியாபாரம். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் கடை அதேதான், வாடிக்கையாளர் வேறு.

மொத்தச் சந்தைகளின் இடமாற்றம்கூடச் சொன்னபடி நடப்பதில்லை. சுகிஜி 2016 நவம்பரிலேயே போக வேண்டியிருந்தது. புதிய இடம் முன்பு எரிவாயு ஆலை இருந்த நிலம் என்பதால் மண் மாசு பற்றிய கவலை எழுந்து, இடமாற்றம் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, மொத்தச் சந்தை போன பிறகும் சுகிஜியின் வெளிச்சந்தை, அதாவது சுற்றியுள்ள தெருக்களில் இருந்த சிறு கடைகள், அங்கேயே தொடர்ந்தன என்பது.

தற்காலிக இடமாற்றம் என்பது வேறு. பழுதுபார்க்கும் காலத்தில் வேறிடம் போய்த் திரும்பி வருவதை மறுக்க வேண்டியதில்லை. அதை ஒழுங்காகச் செய்த நகரங்கள் உண்டு. பார்சிலோனாவில் 1882இல் திறக்கப்பட்ட சான்ட் அந்தோணி சந்தை 2009 முதல் 2018 வரை புதுப்பிக்கப்பட்டபோது, கடைகளுக்கான தற்காலிகக் கூடத்தைப் பக்கத்துச் சாலையிலேயே எழுப்பினார்கள். தோண்டும்போது ரோமானியர் காலச் சாலையும் கோட்டைக் கொத்தளத்தின் பகுதியும் வெளிப்பட்டன. வேலை நீண்டது, ஆனால் சந்தை திரும்பி வந்தது. இந்த உதாரணத்தில் இரு பக்கமும் பாடம் இருக்கிறது. சாலையைத் தாண்டினால் கடை என்பதால்தான் வாடிக்கையாளர்கள் கைவிடவில்லை. ஒன்பது ஆண்டு என்பதோ ஒரு சிறு வியாபாரி தாங்கக்கூடிய எல்லைக்கு அப்பால் போகும் காலம்.

எனவே தற்காலிக இடமாற்றத்துக்குச் சம்மதிக்கும் முன், யார் யார் திரும்பி வருவார்கள் என்ற பெயர்ப்பட்டியல், ஒவ்வொருவருக்கும் கிடைக்கப்போகும் கடையின் அளவும் இடமும், திரும்பிய பின் முதல் பத்து ஆண்டுகளுக்கான வாடகை, வேலை தாமதமானால் தர வேண்டிய இழப்பீடு ஆகிய நான்கும் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கூட்டத்தில் மேடையில் சொன்ன வாக்கு ஒப்பந்தம் ஆகாது.

நாங்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை என்ன?

எண்ணுவது. ஊர்வலத்துக்கும் மனுவுக்கும் முன்னால் எண்ண வேண்டும்.

சந்தையின் தரைப்படத்தை ஒரு பெரிய தாளில் வரைந்துகொள்ளுங்கள். கடை எண், கடைக்காரர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், முன்பு யார் வைத்திருந்தது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சரக்கு எங்கிருந்து வருகிறது என்பவற்றைக் கடை கடையாகப் போய் எழுதுங்கள். கடை எண்ணே இல்லாதவர்களை, அதாவது வாசற்படியில் கூடை வைத்து விற்பவர்களையும் தூணோரம் தரையில் சாக்கு விரித்திருப்பவர்களையும் சுமைப்பணியாளர்களையும், விட்டுவிடாதீர்கள். அதிகாரப்பூர்வப் பட்டியலில் இவர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். இழப்பீடு என்று பேச்சு வரும்போது முதலில் காணாமல் போகிறவர்களும் இவர்கள்தான். பிறகு ஒரு வாரம் முழுக்க, ஒவ்வொரு வாயிலிலும் ஆள் நின்று, மணிக்கு எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்று எண்ணுங்கள். வார நாளையும் விடுமுறை நாளையும் தனித்தனியே குறியுங்கள். அன்றாடத் தேவையான இருபது பொருள்களுக்குச் சந்தை விலையையும் அருகிலுள்ள பெரிய கடைகளின் விலையையும் ஒரே நாளில் குறித்து ஒப்பிடுங்கள்.

நுணுக்கமானவற்றையும் பதிவு செய்ய வேண்டும். கல்மேடையில் தராசுத் தட்டு தலைமுறைகளாக உரசி உரசி விழுந்திருக்கும் பள்ளம். கழுவிய நீர் தானாக ஓடும்படி தரைக்குக் கொடுத்திருக்கும் சரிவு. நண்பகலில் சூடான காற்று மேலேறி வெளியேறும்படி கூரை உச்சியில் வைத்திருக்கும் சாய்பலகைத் திறப்பு. கடைக்காரர் எழுந்து போகும்போது பக்கத்துக் கடைக்காரர் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இவை எல்லாம் இந்த இடம் எப்படி இயங்குகிறது என்பதற்கான சான்றுகள். பாரம்பரியப் பட்டியலுக்கு விண்ணப்பம் எழுதும்போது, "மிகவும் பழமையானது" என்ற பொதுவான வரியைவிட இவையே எடுபடும்.

சட்டம் என்ன உதவி செய்யும்?

நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் கருவிகளின் வகைகள் சிலவே.

முதலாவது, பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பது. மெல்பர்னில் 1878 முதல் நடக்கும் குயின் விக்டோரியா சந்தையை 1970களில் வணிக மையமாக்கும் திட்டம் மக்கள் எதிர்ப்பால் நின்றது. 2018இல் அது ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. பட்டியலில் சேர்ந்தால் இடிப்பது கடினமாகும், ஆனால் பெரும்பாலான நாடுகளில் வாடகையையோ வியாபாரத்தின் தன்மையையோ அது கட்டுப்படுத்தாது. ஆகவே இது தேவையான படிதான், போதுமான படி அன்று.

இரண்டாவது, பயன்பாட்டையும் பயன்படுத்துவோரையும் காக்கும் சட்டம். இந்தியாவின் 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெருவோர வியாபாரிகள் வணிகம் செய்துவந்த இயல்புச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம்பெயர்க்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. இப்படி ஒரு விதி இருப்பது சந்தையில் இருப்பவர்களில் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கும். ஐம்பது ஆண்டை நிறுவும் பொறுப்பு நடைமுறையில் வியாபாரிகள் தலையில் விழும் என்பதால், பழைய வரி ரசீதுகளையும் உரிமச் சீட்டுகளையும் புகைப்படங்களையும் திரட்டுவது வீண் வேலை அல்ல.

மூன்றாவது, விற்பனையைத் தாமதப்படுத்தும் உரிமை. இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி, ஓர் இடத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதிவு செய்துவிட்டால், உரிமையாளர் விற்க முனையும்போது உள்ளூர்க் குழு தானே வாங்க விரும்புவதாகச் சொல்லி ஆறு மாத அவகாசம் பெறலாம். விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. இருந்தாலும் ஆறு மாதம் என்பது நிதி திரட்டவும் எதிர்ப்பை ஒழுங்குபடுத்தவும் கிடைக்கும் அரிய காலம்.

நான்காவதை நிலமதிப்பு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

நிலத்தின் மதிப்பு மிக அதிகம், சந்தையின் வாடகை வருமானமோ சொற்பம். இந்த வாதத்துக்கு என்ன பதில்?

இதுதான் எதிர்கொள்ள மிகக் கடினமான வாதம். இதை உணர்ச்சியால் அடித்துவிட முடியாது.

பொதுச்சந்தை என்பது பூங்காவைப் போல, நூலகத்தைப் போல, ஊருக்காக ஊர் வைத்திருக்கும் இடம். பூங்காவை அதன் வாடகை வருமானத்தால் யாரும் மதிப்பிடுவதில்லை. சந்தை மட்டும் வருமானமும் தருகிறது என்பதாலேயே அதை லாபநட்டக் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். எனவே கணக்கை முழுமையாகப் போடச் சொல்லுங்கள். குறைந்த முதலீட்டில் தொழில் தொடங்க இடம் கிடைப்பதால் உருவாகும் வேலைகள், ஏழைக் குடும்பங்களின் அன்றாடச் செலவில் மிச்சமாகும் தொகை, சந்தைக்கு வருகிறவர்களால் சுற்றியுள்ள தெருக்கடைகளுக்கு நடக்கும் வியாபாரம் ஆகியவை அந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை. நீங்கள் வாயிலில் நின்று எண்ணிய எண்களுக்கு இங்கேதான் வேலை.

அடுத்து, முன்பு சொன்ன நான்காவது சட்டக் கருவி. அந்த நிலத்தில் கட்டப்படாமல் இருக்கும் உயரத்துக்கும் மதிப்பு உண்டு. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் மேல் கட்ட முடியாத பரப்பை வேறோர் இடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமையாக மாற்றி விற்கும் ஏற்பாடு பல நகரங்களில் இருக்கிறது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேலே கோபுரம் கட்ட அனுமதி மறுக்கப்பட்ட வழக்கில், 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் முடிவை உறுதி செய்தது. அந்த உரிமையை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்ததும் அந்தத் தீர்ப்பில் கருதப்பட்டது. இப்படி வரும் பணத்தைப் பழுதுநீக்கும் நிதியில் சேர்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

உண்மையிலேயே வென்ற சந்தை ஏதாவது உண்டா?

உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உள்ள பைக் பிளேஸ் சந்தையின் வரலாற்றை ஒவ்வொரு சந்தைக் குழுவும் ஒருமுறையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தச் சந்தை பிறந்ததே ஒரு குறை தீர்க்க. இடைத்தரகர்களால் வெங்காயம் முதலான விளைபொருள்களின் விலை தாறுமாறாக ஏறியிருந்த நிலையில், விவசாயிகளே நேரடியாக விற்கட்டும் என்று நகரமன்றம் ஓர் இடத்தை ஒதுக்கியது. 1907 ஆகஸ்ட் 17 அன்று சில வண்டிகள்தான் வந்தன. வந்த சரக்கு விரைவிலேயே தீர்ந்தது. பின்னாளில் அங்கே விற்றவர்களில் பெரும் பங்கினர் ஜப்பானிய வம்சாவளி விவசாயிகள். 1942இல் போரைக் காரணம் காட்டி அவர்களை அரசு முகாம்களில் அடைத்தபோது மேடைகள் பல காலியாயின. அதன் பிறகு சந்தை தளர்ந்தது. 1960களில் அதை இடித்து விடுதியும் அலுவலகங்களும் வாகன நிறுத்தமும் கட்டும் திட்டம் வந்தது. நகரமன்றமும் வணிகப் பிரமுகர்களும் அதன் பக்கம் நின்றார்கள்.

விக்டர் ஸ்டைன்புரூக் என்ற கட்டடக்கலைஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1964இல் சந்தையின் நண்பர்கள் என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஸ்டைன்புரூக் சந்தைக்குள் உட்கார்ந்து, அங்கிருந்த மேடைகளையும் மனிதர்களையும் கோட்டோவியங்களாக வரைந்துகொண்டே இருந்தார். இதைச் சிறிய செய்தியாகக் கடந்துவிடக் கூடாது. "பாழடைந்த இடம்" என்று அதிகாரிகள் எழுதிய அதே இடத்தை, அந்த ஓவியங்கள் வேறு விதமாகக் காட்டின. ஏழு ஆண்டுகள் மனுக்களும் வழக்குகளும் கூட்டங்களும் நடந்தன. இறுதியில் கையெழுத்து திரட்டி, மக்களே முன்மொழியும் சட்டமாக அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 1971 நவம்பர் 2 அன்று வாக்களித்தவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர் சந்தையின் பக்கம் நின்றார்கள். ஏறத்தாழ 7 ஏக்கர் பரப்பு வரலாற்றுப் பகுதியாகச் சட்டத்தில் பதிந்தது.

வென்றது எதை என்பதுதான் முக்கியம். அந்தச் சட்டத்தால் அமைந்த ஆணையம் கட்டடத்தின் தோற்றத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு கடையில் என்ன வியாபாரம் நடக்கிறது என்பதையும் அது மாறுவதற்கு அனுமதிக்கலாமா என்பதையும் தீர்மானிக்கிறது. உரிமையாளரே கடையில் நிற்கும் சிறு வியாபாரங்களுக்கே முன்னுரிமை. சங்கிலித்தொடர்க் கடைகளுக்குப் பொதுவாக இடமில்லை. 1973இல் சந்தையை நடத்த ஒரு பொது அமைப்பை உருவாக்கினார்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான வீடுகள், சிறு மருத்துவ நிலையம், முதியோர் மையம், குழந்தைகள் பள்ளி ஆகியவையும் அந்தப் பரப்புக்குள்ளேயே இருக்கின்றன.

வியாபாரிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சிலர் இழப்பீடு வாங்கிக்கொண்டு போகத் தயாராக இருக்கிறார்கள். என்ன செய்வது?

அவர்களைத் துரோகிகள் என்று பேசாதீர்கள். அறுபது வயதைத் தாண்டியவர், கடையைத் தொடரப் பிள்ளைகள் இல்லாதவர், கடனில் இருப்பவர் ஆகியோருக்கு ஒரு தொகை கையில் வருவது உண்மையான ஆறுதல். உள்வாடகைக்கு இருப்பவரின் நலனும் உரிமம் பெற்றவரின் நலனும் ஒன்றல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்; உரிமம் பெற்றவருக்கு இழப்பீடு, உள்வாடகைக்காரருக்கு ஒன்றுமில்லை என்பதுதான் வழக்கமாக நடப்பது. சங்கம் இதைப் பேசத் தயங்கினால், எதிர்த்தரப்பு தனித்தனியாகப் பேசி முடித்துவிடும். போக விரும்புகிறவர் கௌரவமாகப் போகவும், அவர் விட்ட கடை ஏற்கெனவே சந்தையில் உள்ளவருக்கோ புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கோ போகவும் வழி செய்யும் திட்டத்தை நீங்களே எழுதி முன்வையுங்கள்.

வாங்குகிறவர்களையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாபாரிகள் மட்டும் பேசினால் அது தொழில் தகராறாகவே பார்க்கப்படும்.

சுகாதாரம், தீ விபத்து, வாகன நிறுத்தம் பற்றிய குற்றச்சாட்டுகள்?

பெரும்பாலும் உண்மையானவை, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. தீ விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்: தொங்கும் மின்கம்பிகளையும் அளவுக்கு மீறிய இணைப்புகளையும் சங்கமே பணம் போட்டு மாற்றிவிட வேண்டும், நடைவழிகளைக் காலியாக வைக்க வேண்டும். தீப்பற்றிய சந்தைக்காக வாதாட முடியாது. வாகன நிறுத்தத்தைப் பொறுத்தவரை, வருகிறவர்களில் எத்தனை பேர் வாகனத்தில் வருகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

சுற்றுலாத் தலமாக மாற்றினால் சந்தை பிழைக்காதா?

பிழைக்கும், ஆனால் வேறொன்றாக. பார்சிலோனாவின் பொக்கேரியா சந்தை உலகப் புகழ் பெற்ற பிறகு, படம் எடுக்க வருகிறவர்களின் கூட்டத்தில் வீட்டுக்கு வாங்க வந்தவர்கள் மேடையை நெருங்க முடியாத நிலை ஏற்பட்டது. 2015இல் வார இறுதியின் நெரிசலான நேரங்களில் பெரிய சுற்றுலாக் குழுக்கள் நுழைய நகர நிர்வாகம் தடை விதித்தது. அதே நகரத்தில் சான்டா கத்தரீனா சந்தை 2005இல் வண்ண ஓடுகள் பதித்த அலைபோன்ற புதுக் கூரையுடன் திறக்கப்பட்டது. பழைய சுற்றுச்சுவர்களும் தரைக்கடியில் கிடைத்த மடாலயத்தின் எச்சங்களும் காக்கப்பட்டன. கூரையைப் பார்க்கவும் ஆள் வருகிறது, உள்ளே அக்கம்பக்கத்தார் வாங்கவும் செய்கிறார்கள்.

கடைக்குக் கடை கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இங்கே விற்கும் பொருளைப் பக்கத்துத் தெருவில் இருப்பவர் இந்த வாரம் வாங்குவாரா? "இல்லை" என்று சொல்லும் கடைகள் எத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதை விதியாகவே எழுதி வைக்கலாம்.

காப்பாற்றிய பிறகு சந்தையை யார் நடத்துவது?

இந்தக் கேள்வியை வெற்றிக்குப் பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிடுவது பெரும் பிழை. பைக் பிளேஸ் சந்தையிலேயே 1980களில், நிதி திரட்டுவதற்காகச் சில கட்டடங்களை வரிச்சலுகை நாடிய வெளியூர் முதலீட்டாளர்களுக்குப் பெயரளவில் விற்றார்கள். 1986இல் வரிச்சட்டம் மாறியதும் அந்த முதலீட்டாளர்கள் கட்டுப்பாட்டைக் கேட்டு வழக்காடினார்கள். 1991இல்தான் அது சமரசமாக முடிந்தது. வாக்கெடுப்பில் வென்ற சந்தையே ஒரு நிதி ஒப்பந்தத்தில் கைநழுவப் பார்த்தது.

நடத்தும் அமைப்பின் குழுவில் கடைக்காரர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும். வாடகையில் ஒரு பங்கு பராமரிப்புக்கென்றே தனிக் கணக்கில் போக வேண்டும். கூரைக் கால்வாயில் குப்பை அள்ளும் கூலி அந்தக் கணக்கின் முதல் செலவாக இருக்கட்டும். நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நீண்டகாலக் குத்தகைக்கு விடவோ பொதுக் கருத்துக்கேட்பு இல்லாமல் முடியாது என்பதை அமைப்பின் விதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

அனுமதி எல்லாம் கொடுத்துவிட்டார்கள், வேலியும் போட்டுவிட்டார்கள். இனி பயனில்லையா?

வடக்கு லண்டனின் செவன் சிஸ்டர்ஸ் பகுதியில், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் கடை வைத்திருந்த உள்ளரங்கச் சந்தையில், கட்டாய நில எடுப்புக்கான ஒப்புதல்கூட 2019இல் கிடைத்துவிட்டது. வியாபாரிகள் விடவில்லை. 2021இல் கட்டுமான நிறுவனமே திட்டத்திலிருந்து விலகியது. அப்படி அது விலகியபோது வியாபாரிகள் வெறுங்கையோடு நிற்கவில்லை. அதே கட்டடத்தைப் பழுதுபார்த்து நடத்துவதற்கான சமூகத் திட்டம் ஒன்றுக்கு 2014இலேயே அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். பெரிய திட்டங்கள் வட்டி விகிதத்தாலும் சந்தை மந்தத்தாலும் ஆட்சி மாற்றத்தாலும் அடிக்கடி சரிகின்றன. சரியும் நாளில் மேசையில் வைக்க உங்களிடம் மாற்று வரைபடம் இருக்க வேண்டும்.

பாரிஸில் அது இல்லாமல் போயிற்று. லே ஆல் சந்தையின் இரும்புக் கூடங்களை 1971இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இடம் ஆண்டுக்கணக்கில் பெரும் பள்ளமாகவே கிடந்தது. 1979இல் அங்கே நிலத்தடி வணிக வளாகம் திறந்தது. விக்டர் பல்தார் வடிவமைத்த கூடங்களில் எட்டாம் எண் கூடம் ஒன்றைக் கழற்றி எடுத்துப்போய் நொஜான் சூர் மார்ன் என்ற புறநகரில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது அது நிகழ்ச்சி அரங்கம்.

ஆகவே வேலி போட்ட பிறகும் செய்ய வேண்டியவை இருக்கின்றன: இடிப்புக்கு இடைக்காலத் தடை கோரும் மனு, மாற்று வரைபடத்துக்கான அனுமதி விண்ணப்பம், வெளியேற்றப்பட்ட ஒவ்வொரு கடைக்காரரும் இப்போது எங்கே இருக்கிறார் என்ற முகவரிப் பட்டியல். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரும்பி வரலாம் என்ற நாள் வந்தால், யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.